மாற்றம் இல்லையா, மாற்றம் தெரியவில்லையா? – கண்ணழுத்த நோயின் படங்களும் நம் சொற்களும்



இன்றைய உரையின் தலைப்பைக் கண்ட சிலர், மொழியியல் பயின்றவனுக்குக் கண் மருத்துவத்தில் என்ன வேலை என்று வினவக்கூடும். வினா நியாயமானதே. நான் மருத்துவன் அல்லேன். எவர்க்கும் மருந்தோ சிகிச்சையோ பரிந்துரைக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும், மருத்துவர் ஒருவர் கருவியின் படத்தைப் படித்துத் தாம் அறிந்ததை நோயாளிக்குச் சொல்லும் அந்த நிமிடத்தில் மருத்துவம் மொழியாகிறது. அந்த மொழி தமிழாக இருக்கும்போது, அதில் ஆளப்படும் சொற்கள் சரியாக இருக்கின்றனவா என்று கேட்பது மொழியியலாரின் கடமையே. கண்ணழுத்த நோய் என்று நாம் வழங்கும் கிளாக்கோமாவைப் பொறுத்தவரை, ஒரு சொல் பிழைபட்டால் ஒருவர் சொட்டு மருந்தை நிறுத்திவிடக்கூடும். நிறுத்தினால் இழந்த பார்வை திரும்பாது.

ஆகவே இவ்வுரையில் மூன்றைப் பற்றிப் பேச விழைகிறேன். இந்நோயில் கண்ணுக்குள் நிகழ்வது யாது. அதைப் படம் பிடிக்கும் கருவி, நோய் கடுமையான பிறகு எதைச் சொல்ல வல்லது, எதைச் சொல்ல இயலாது. அக்கருவி சொல்வதைத் தமிழில் எவ்வாறு சொல்வது.

நோயும் அதன் பெயரும்

கண்ணின் பின்சுவரில் விழித்திரை அமைந்துள்ளது. ஒளியை உணரும் அணுக்கள் அதில் உள்ளன. அவை பெற்ற செய்தியைத் தொகுத்து மூளைக்கு அனுப்புவன கேங்கிலியான் அணுக்கள். ஒவ்வொரு கண்ணிலும் இவை ஏறத்தாழ பத்து இலட்சம் உண்டு. ஒவ்வோர் அணுவிலிருந்தும் ஒரு மெல்லிழை புறப்படுகிறது. விழித்திரையின் மேற்பரப்பில் ஆற்றுநீர் கழிமுகம் நோக்கி ஓடுவதுபோல் இவ்விழைகள் அனைத்தும் ஓரிடத்தை நோக்கி ஓடி, ஒரு கற்றையாகத் திரண்டு, பார்வை நரம்பாகக் கண்ணைவிட்டு வெளியேறுகின்றன. கண்ணழுத்த நோய் என்பது இவ்விழைகளும் அவற்றின் அணுக்களும் சிறிது சிறிதாக மடியும் நோய். மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. உலகில் மீட்க இயலாத பார்வையிழப்புக்கு முதன்மையான காரணம் இதுவே. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் முன்னின்று 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு மதிப்பீடு, 40 முதல் 80 வயதுக்குட்பட்டோரில் 2013இல் சுமார் 6 கோடியே 43 இலட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது என்றும், 2040இல் அது 11 கோடியைத் தாண்டும் என்றும் கணித்தது.

இனி, பெயர். கிளாக்கோமா என்பது கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. நீலமும் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு நிறத்தைக் குறிக்கும் அடியிலிருந்து பிறந்தது. பண்டைய கிரேக்கர் அச்சொல்லால் இன்று நாம் அறியும் நோயை மட்டும் சுட்டவில்லை. கண்புரையையும் இதையும் அவர்கள் தெளிவாகப் பிரித்தறியவில்லை. சீன மொழியில் இந்நோய்க்குப் பெயர் சிங்குவாங்யென். பசுநீல ஒளிக் கண் என்பது அதன் சொற்பொருள். ஜப்பானியப் பெயரிலும் பச்சை நிறம் உண்டு. மலாய் மொழி கிரேக்கச் சொல்லையே தன் ஒலிக்கேற்ப ஏற்றுக்கொண்டது. தமிழ் மட்டும் நிறத்தை விடுத்து, காரணத்தைப் பெயராக்கியது: கண்ணழுத்த நோய், கண்நீர் அழுத்த நோய்.

காரணப் பெயர் நன்றுதான். ஆயின் அதில் இரண்டு இடர்கள் உள்ளன. முதலாவது, கேட்பவர் இதை இரத்த அழுத்தத்தோடு இணைத்துக்கொள்வது. 'இரத்தக் கொதிப்பு எனக்கு இல்லை, ஆகவே இதுவும் இராது' என்னும் எண்ணம் எளிதில் எழுகிறது. உண்மையில் இங்குச் சொல்லப்படும் அழுத்தம், கண்ணின் முன்பகுதியில் சுரந்து வடியும் நீரின் அழுத்தம். வடிகால் தடைபட்டால் அது உயரும். இரண்டாவது இடர் இன்னும் பெரிது. கண்ணின் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருப்பது இயல்பு என்பர். அந்த எல்லைக்குள் இருப்பவர்க்கும் இந்நோய் வரும். ஜப்பானின் தஜிமி நகரில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், திறந்த கோண வகை நோயுற்றோருள் பத்தில் ஒன்பது பேருக்கு அழுத்தம் 21ஐத் தாண்டவில்லை. பெயரில் அழுத்தம் இருக்கிறது. நோயாளியிடம் உயர் அழுத்தம் இல்லை. 'அழுத்தம் சரியாக இருக்கிறது' என்ற சொல்லைக் கேட்டவர் 'நோய் இல்லை' என்று பொருள்கொண்டால், பிழை அவருடையது அன்று, பெயருடையது.

இக்காரணத்தால் பெயரை மாற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. வழக்கில் வேரூன்றிய சொல்லைப் பிடுங்கி எறிவது எளிதன்று. கிளாக்கோமா என்ற சொல்லையும் அருகில் வைத்து வழங்குவதில் தவறில்லை. வடசொற்களை அவற்றின் எழுத்தை நீக்கித் தமிழெழுத்தில் ஏற்கும் நெறியைத் தொல்காப்பியரே எச்சவியலில் வகுத்துள்ளார். பெயர் எதுவாயினும், இது நரம்பின் நோய், அழுத்தம் அதன் ஒரு காரணம் என்ற ஒரு தொடரைச் சேர்த்துச் சொல்வோமாயின் போதும்.

இழப்பை மூளை மறைக்கும் விதம்

'இவ்வளவு பார்வை போகும்வரை ஒருவர் எப்படி அறியாமல் இருப்பார்?' என்று பலர் வியப்பர். சென்னையிலும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலும், மதுரையைச் சூழ்ந்த பகுதிகளிலும் நடந்த மக்கள்தொகை ஆய்வுகளில், நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர் அதுவரை அதை அறியாதவர்களாகவே இருந்தனர். கவனக்குறைவு மட்டும் இதற்குக் காரணம் அன்று. இதை விளக்க மொழியியலில் ஒரு சான்று உண்டு.

1970ஆம் ஆண்டில் ரிச்சர்டு வாரன் என்னும் உளவியலார் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒலிப்பதிவு செய்த ஒரு தொடரில், ஒரு சொல்லின் நடுவிலிருந்த ஓர் ஒலியை முற்றிலும் நீக்கி, அவ்விடத்தில் இருமல் ஒலியைப் புகுத்தினார். கேட்டவர்கள் சொல் முழுமையாக ஒலித்ததாகவே கூறினர். இருமலைக் கேட்டார்கள், ஆனால் அது எந்த ஒலியின் இடத்தில் வந்தது என்று அவர்களால் சுட்ட முடியவில்லை. சூழலைக் கொண்டு மூளை விடுபட்ட ஒலியை நிரப்பிக்கொண்டது. பேருந்து நிலையத்தின் இரைச்சலிலும் நாம் உரையாடுவது இந்த ஆற்றலால்தான்.

பார்வையிலும் மூளை இதைப் போன்ற ஒன்றைச் செய்கிறது. பார்வைப் புலத்தின் ஒரு மூலை மறையும்போது, அவ்விடத்தில் கருமை தோன்றுவதில்லை. சுற்றியுள்ள சுவரின் நிறத்தையும் தரையின் கோலத்தையும் கொண்டு மூளை அவ்விடைவெளியை நிரப்புகிறது. ஒரு கண்ணின் குறையை மறு கண் ஈடுசெய்கிறது. விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில், நடுவே வட்டமாகத் தெளிவும் சுற்றிலும் கருப்புமாக ஒரு படம் அச்சிடுவது வழக்கம். 2013இல் பிரிட்டனில் 50 நோயாளிகளிடம் பல படங்களைக் காட்டி, 'உங்கள் பார்வை இவற்றுள் எதனை ஒத்தது?' என்று வினவினர். அந்தக் கருப்புச் சுரங்கப் படத்தை ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை. மங்கலாகத் தெரிவதாகவும், சில பகுதிகள் காணாமற் போவதாகவுமே பலர் கூறினர்.

ஆகவே, சுவரொட்டியைப் பார்த்து 'எனக்கு இப்படிக் கருப்பு எதுவும் இல்லையே' என்று அமைதி கொள்பவர் ஏமாறுகிறார். நோயாளியின் சொந்தச் சாட்சியத்தை மட்டும் நம்பி இந்நோயைப் பின்தொடர முடியாது. கருவி ஒன்று வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

படம் எடுக்கும் முறை

1851இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை உலகுக்கு அறிவித்தார். அதன்பின் மருத்துவர்கள் பார்வை நரம்பின் தலைப்பகுதியை நேரில் கண்டனர். இழைகள் குறையக் குறைய அங்குள்ள குழிவு பெரிதாவதை அறிந்தனர். கண்டதைத் தாளில் வரைந்தனர். பின்னர் நிழற்படம் எடுத்தனர். ஆனால் வரைபடமும் நிழற்படமும் மேற்பரப்பையே காட்டும். படலத்தின் பருமனை அவற்றால் அளக்க முடியாது.

1991இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஹுவாங், ஸ்வான்சன், ஃபுஜிமோட்டோ முதலியோர் ஒரு புதிய முறையை அறிவித்தனர். ஓசிடி என்ற முதலெழுத்துச் சுருக்கத்தால் இன்று மருத்துவமனைகளில் அழைக்கப்படுவது அதுவே. ஒளி கொண்டு எடுக்கும் அடுக்குப்படம் என்று தமிழில் விளக்கலாம். அகச்சிவப்பை ஒட்டிய மெல்லொளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றொன்றை ஓர் ஆடிக்கும் அனுப்புவர். இரண்டும் திரும்பி வந்து சேரும்போது, ஒன்றோடொன்று இயைவதையும் மாறுபடுவதையும் கொண்டு, எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு ஒளி திரும்பியது என்று கணக்கிடுவர். வயிற்றில் வளரும் குழவியைக் காண ஒலி எதைச் செய்கிறதோ, விழித்திரையைக் காண ஒளி அதைச் செய்கிறது. கண்ணைத் தொட வேண்டியதில்லை. சில நொடிகளில் முடிந்துவிடும்.

இக்கால ஓசிடி கருவிகள் ஏறத்தாழ 5 மைக்ரான் நுண்மையில் படலங்களைப் பிரித்துக் காட்டுகின்றன. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நலமான கண்ணில், பார்வை நரம்பைச் சுற்றியுள்ள நரம்பிழைப் படலத்தின் சராசரிப் பருமன் 90 முதல் 100 மைக்ரான் அளவில் இருக்கும். தலைமயிர் ஒன்றின் பருமன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கருவி இந்த அளவை, அதே வயதுடைய நலமான பிறரின் அளவுகளோடு ஒப்பிட்டு நிறமிட்டுத் தருகிறது. பச்சை என்றால் இயல்பின் எல்லைக்குள். மஞ்சள் என்றால் நலமானோரில் நூற்றுக்கு ஐவரிடமும் காணப்படாத அளவு மெலிவு. சிவப்பு என்றால் நூற்றுக்கு ஒருவரிடமும் காணப்படாத அளவு மெலிவு. இங்கு மாணவர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். நிறம் விடையளிக்கும் வினா, 'இவர் பிறரிடமிருந்து வேறுபடுகிறாரா?' என்பது. 'இவர் நேற்றைய தம்மிடமிருந்து வேறுபட்டுவிட்டாரா?' என்பது வேறு வினா. மொழியியல் பயில்வோர்க்கு இவ்வேறுபாடு முதல் பாடத்திலேயே வரும். ஒரு காலத்தின் மொழிநிலையை ஆராய்வது சமகால மொழியியல். காலங்களுக்கிடையே நிகழ்ந்த மாற்றத்தை ஆராய்வது வரலாற்று மொழியியல். 1916இல் வெளிவந்த சசூரின் விரிவுரை நூல் இவ்விரண்டையும் கலத்தலாகாது என வலியுறுத்தியது. கண்ணின் படத்திலும் அவற்றைக் கலத்தலாகாது.

மாற்றத்தை அளத்தல்

மாற்றத்தை அறிய ஒரு படம் போதாது. காலத்தால் பிரிந்த பல படங்கள் வேண்டும். ஒரே கண்ணை ஒரே வாரத்தில் இருமுறை படமெடுத்தாலும் எண்கள் முற்றும் ஒத்திருப்பதில்லை. கண் சற்று அசையலாம். கண்ணீர்ப் படலம் உலர்ந்திருக்கலாம். கண்புரை ஒளியை மங்கச் செய்திருக்கலாம். ஆகவே சராசரிப் பருமனில் 5 மைக்ரானுக்குக் குறைவான வேறுபாட்டை மட்டும் கொண்டு நோய் கூடியது என்று மருத்துவர் முடிவு கட்டுவதில்லை. மேலும், நோயற்ற கண்ணிலும் முதுமையால் இழைகள் குறைகின்றன. ஆண்டுக்கு அரை மைக்ரான் அளவில் அக்குறைவு இருக்கும் என்பர். அளவீட்டின் தடுமாற்றத்தைக் கழித்து, வயதின் தேய்மானத்தையும் கழித்து, எஞ்சும் சரிவையே நோயின் சரிவு எனக் கொள்ள வேண்டும். இதனால்தான் மருத்துவர் 'ஆறு மாதம் கழித்து மீண்டும் வாருங்கள்' என்கிறார். அந்த வருகை வீண் அலைச்சல் அன்று. வரைகோட்டில் வைக்கப்படும் இன்னொரு புள்ளி.

அளவுகோல் தரையைத் தொடும்போது

இதுவரை கூறியவை தொடக்க நிலைக்கும் இடைநிலைக்கும் நன்கு பொருந்தும். நோய் கடுமையான பிறகு ஒரு புதிய சிக்கல் எழுகிறது. இன்றைய உரையின் நடுப்பொருள் அதுவே.

நரம்பிழைகள் அனைத்தும் மடிந்துவிட்டாலும் நரம்பிழைப் படலத்தின் பருமன் சுழியத்தைத் தொடுவதில்லை. இழைகளைத் தாங்கிநிற்கும் துணைத் திசுவும் இரத்தக் குழாய்களும் அங்கேயே இருக்கின்றன. கருவி அவற்றையும் சேர்த்தே அளக்கிறது. ஆதலால் பருமன் 50 முதல் 60 மைக்ரான் அளவுக்கு இறங்கியதும், கருவிக்குக் கருவி சற்று வேறுபட்டு, அங்கேயே நின்றுவிடுகிறது. இதைத் தரைநிலை என்பர். நலமான அளவு சுமார் 95 என்றும் தரை சுமார் 55 என்றும் கொண்டால், அளக்கத்தக்க இறக்கம் முழுவதும் 40 மைக்ரான் மட்டுமே. அதில் பெரும்பகுதி நோயின் முற்பாதியிலேயே செலவாகிவிடுகிறது.

வகுப்பறையிலிருந்து ஓர் ஒப்புமை சொல்கிறேன். ஒரு பள்ளியில் மாணவர்களின் பேச்சுத் தமிழ் ஆண்டுதோறும் தேய்கிறதா என்று அறிய, ழகரத்தைச் சரியாக ஒலிப்பவர் எத்தனை பேர் என்று எண்ணுவதாகக் கொள்வோம். முதலாண்டு நாற்பது பேர், மூன்றாமாண்டு இருபது பேர், ஐந்தாமாண்டு ஒருவரும் இல்லை. ஆறாமாண்டிலும் ஏழாமாண்டிலும் அதே சுழியம்தான் கிடைக்கும். 'இரண்டாண்டாக எந்தச் சரிவும் இல்லை' என்று அறிக்கை எழுதினால் அது எண்ணளவில் உண்மை, பொருளளவில் பொய். அந்த ஈராண்டுகளில் வேற்றுமை உருபுகள் மறைந்திருக்கலாம். வீட்டில் தமிழ் பேசுவதே நின்றிருக்கலாம். நம் அளவுகோலால் அதை அறிய இயலாது. அறிய வேண்டுமாயின் வேறோர் அளவுகோலை எடுக்க வேண்டும்.

கண் மருத்துவர்களும் அதையே செய்கின்றனர். நோய் கடுமையான நிலையில் அவர்கள் நோக்கும் இடம் மாறுகிறது. விழித்திரையின் நடுவில் மாகுலா என்னும் பகுதி உள்ளது. படிப்பதும், முகம் அறிவதும், ஊசியில் நூல் கோப்பதும் அப்பகுதியால்தான். கேங்கிலியான் அணுக்களில் ஏறத்தாழ பாதி அதிலும் அதனைச் சுற்றிலும் செறிந்துள்ளன. நரம்பைச் சுற்றிய படலம் தரையைத் தொட்ட பிறகும், மாகுலாவின் அணுப்படலத்தில் அளக்கத்தக்க மிச்சம் பலருக்கு இருக்கும். ஆகவே அங்கே படமெடுத்துச் சரிவைப் பின்தொடர்கின்றனர். சாயம் செலுத்தாமலே நுண்குழாய்களின் அடர்த்தியைக் காட்டும் ஓசிடி குருதிக்குழாய்ப் படமும் உண்டு. தரைநிலையை அது தாமதமாகவே தொடுகிறது என்பதால், கடுமையான நிலைக்கு அதன் பயனை ஆய்வாளர்கள் ஆராய்ந்து வருகின்றனர்.

பார்வைப் புலச் சோதனையையும் இதற்கேற்ப மாற்றுகின்றனர். அக்குமிழ் போன்ற கருவிக்குள் முகம் வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் சோதனையை உங்களில் சிலர் செய்திருப்பீர்கள். வழக்கமான முறையில் 6 பாகை இடைவெளியில் 54 இடங்கள் சோதிக்கப்படுகின்றன. நடுப்பார்வை மட்டும் எஞ்சியவர்க்கு அவ்விடைவெளி மிகப் பெரிது. அவர்களுக்கு நடுவிலுள்ள 10 பாகைக்குள் 2 பாகை இடைவெளியில் 68 இடங்களைச் சோதிக்கின்றனர். இந்நிலையில் படமும் புலச் சோதனையும் ஒன்றையொன்று திருத்தும் இரு சாட்சிகள். ஒன்றை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதலாகாது.

தெரியவில்லை என்னும் சொல்

இப்போது தலைப்பின் வினாவுக்கு வருவோம். தரையைத் தொட்ட படலத்தின் அறிக்கையில், சென்ற ஆண்டும் 54, இவ்வாண்டும் 54 என்றிருக்கிறது. இதை நோயாளிக்கு எப்படிச் சொல்வது? 'மாற்றம் இல்லை' என்று சொன்னால், நோய் நின்றுவிட்டது என்பதே அவர் கொள்ளும் பொருள். நின்றுவிட்ட நோய்க்கு நாள்தோறும் மருந்து எதற்கு என்று தோன்றுவது மனித இயல்பு.

'மாற்றம் தெரியவில்லை' என்று சொல்லலாமா? தமிழில் தெரிதல் என்னும் வினை இருபொருள் உடையது. கண்ணுக்குப் புலப்படுவதும் தெரிவது; அறிவுக்குப் புலப்படுவதும் தெரிவது. 'மலை தெரிகிறது' என்கிறோம். 'விடை தெரிகிறது' என்கிறோம். முதியவர் ஒருவர் 'எனக்குக் கண் தெரியவில்லை' என்கிறார். மாணவன் 'எனக்குக் கணக்குத் தெரியவில்லை' என்கிறான். ஆகவே 'மாற்றம் தெரியவில்லை' என்னும் தொடர், படத்தில் மாற்றம் காணப்படவில்லை என்றும், மாற்றம் உண்டா இல்லையா என்பதை நாம் அறியோம் என்றும் இருவகையாகப் பொருள்படும். பிற இடங்களில் இது குழப்பம். இங்கோ இரண்டுமே உண்மை. ஆனால் கேட்பவர் இரண்டையும் கேட்கிறார் என்று நாம் நம்பியிருக்க முடியாது. விரித்துச் சொல்ல வேண்டும்: 'இந்தப் படத்தால் இதற்குமேல் மாற்றத்தைக் காட்ட முடியாது. ஆகவே வேறு சோதனையால் பார்க்கிறோம். அதுவரை மருந்தை விடாதீர்கள்.' மூன்று சிறு தொடர்கள். இவற்றில் கலைச்சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் தரைநிலை என்னும் முழுக் கருத்தும் இவற்றில் அடங்கிவிடுகிறது.

முன்னேற்றமும் முற்றுதலும்

இன்னும் இரு சொற்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நோய் காலப்போக்கில் கடுமையாவதை ஆங்கில மருத்துவ நூல்கள் புரோகிரஷன் என்கின்றன. இலத்தீனில் அதன் பொருள் அடியெடுத்து முன்செல்லுதல் என்பது மட்டுமே. அதில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அகராதியைப் புரட்டி அதைத் தமிழாக்குவோர் 'நோயின் முன்னேற்றம்' என எழுதிவிடுகின்றனர். முன்னேற்றம் என்னும் சொல்லில் ஏற்றம் இருக்கிறது. ஏறுதல் தமிழருக்கு உயர்வு. பிள்ளை படிப்பில் முன்னேறுகிறான், குடும்பம் முன்னேறுகிறது. 'உங்கள் நோயில் முன்னேற்றம் காணப்படுகிறது' என்று படிப்பவர் நலம் பெற்று வருவதாகவே மகிழ்வார். அறிக்கையின் பொருள் அதற்கு நேர் எதிர்.

இதைப் போன்றதே, கடும் நிலையைக் குறிக்கும் அட்வான்ஸ்டு என்னும் அடைமொழி. மேம்பட்ட தொழில்நுட்பம் என்பது சரி. மேம்பட்ட கண்ணழுத்த நோய் என்பது தவறு. நோய் மேம்படுவதில்லை. இயந்திர மொழிபெயர்ப்பின் துணையால் ஆவணங்கள் பெருகிவரும் இக்காலத்தில் இத்தகைய தொடர்கள் கண்ணில் படுகின்றன. இலக்கணப் பிழை ஏதும் இல்லாததால் அவை எளிதில் தப்பிவிடுகின்றன.

அப்படியாயின் 'முற்றிய நோய்' என்பது தகுமா? சொல் பழமையானது, பொருளும் துல்லியமானது. எனினும் அதிலும் ஓர் இடர் உண்டு. முற்றுதல் என்பதற்கு முதிர்தல் என்ற பொருளோடு முடிதல் என்ற பொருளும் ஒட்டியிருக்கிறது. வினைமுற்று, முற்றுப்புள்ளி ஆகிய சொற்களைக் கருதுக. 'நோய் முற்றிவிட்டது' என்று கேட்ட குடும்பத்தார் இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று கைவிட்டுவிடுவர். மருத்துவம் அவ்வாறு கூறவில்லை. மருந்தால் மட்டும் கட்டுப்படுத்த இயலாத நிலையை எட்டிய கண்களை அமெரிக்காவில் பல்லாண்டு பின்தொடர்ந்த பேராய்வு ஒன்றின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு வருகையிலும் 18 மில்லிமீட்டருக்குக் கீழே அழுத்தம் இருந்த கண்களில், சராசரியாக நோக்கின், பார்வைப் புல இழப்பு ஏறத்தாழ கூடவே இல்லை. கடும் நிலையிலும் எஞ்சியதைக் காக்க வழியுண்டு என்பதற்கு இது சான்று. எஞ்சியிருப்பது சிறிது என்பதாலேயே அதன் மதிப்புப் பெரிது. பத்துப் பாகைப் பார்வை உள்ளவர் நாளிதழ் படிக்க முடியும். பேரக்குழந்தையின் முகத்தைக் காண முடியும். அதையும் இழந்தால் இரண்டும் போகும்.

ஆதலால் என் பரிந்துரைகள் இவை. நோய் கூடுவதைக் குறிக்க 'நோய் கடுமையாதல்' அல்லது 'பார்வையிழப்புக் கூடுதல்' என்க. நடுநிலையான சொல் வேண்டுமிடத்து 'நோய்ப்போக்கு' என்க. அட்வான்ஸ்டு என்பதற்குக் 'கடுநிலை' என்க. நோயாளியிடம் பேசும்போது அதையும் விரித்து, 'பெரும்பகுதி பார்வை போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்ற முடியும்' என்று இரு பாதிகளையும் சேர்த்தே சொல்க. முதற்பாதி மட்டும் அச்சுறுத்தும். பிற்பாதி மட்டும் ஏமாற்றும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

கலைச்சொல்லாக்கம் என்றால் வேற்றுமொழிச் சொல்லுக்கு நிகரான தமிழ்ச்சொல் காண்பது என்றே நாம் பெரிதும் கருதியிருக்கிறோம். அப்பணி தேவையானது. அதனோடு இன்னொரு பணியும் உண்டு. ஆக்கிய சொல்லைக் கேட்டவர் என்ன செய்வார் என்று ஆராய்வது. சொல்லின் பொருளை அகராதியில் மட்டும் தேடாமல், அதைக் கேட்டபின் ஒருவர் மருந்தைத் தொடர்கிறாரா, நிறுத்துகிறாரா என்பதிலும் தேட வேண்டும்.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் ஒரு பயிற்சியாக்கலாம். பலதுறை மருந்தகத்தில் கிடைக்கும் தமிழ்த் துண்டறிக்கை ஒன்றை எடுத்துவரச் செய்யுங்கள். ஒவ்வொரு தொடரையும் மாணவர் தம் வீட்டு முதியவரிடம் படித்துக்காட்டி, 'இதைக் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேட்கட்டும். 'என்ன புரிந்தது?' என்று கேட்டால் மரியாதைக்காகத் தலையசைப்பார்கள். என்ன செய்வீர்கள் என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். பிழைபட்ட தொடர்களை மாணவரே திருத்தி எழுதட்டும்.

மாணவச் செல்வங்களே, நம் குடும்பங்களில் மருத்துவர் சொல்வதைத் தாத்தா பாட்டிக்கு மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் பேரப்பிள்ளைகளே. ஆங்கிலத்தில் ஸ்டேபிள் என்று மருத்துவர் சொன்னதும் 'ஒண்ணும் இல்லையாம் பாட்டி' என்று சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஒரு வினா கேளுங்கள்: மாற்றம் இல்லை என்கிறீர்களா, இந்தப் படத்தில் மாற்றம் தெரியாது என்கிறீர்களா? மருத்துவர் தரும் விடையைப் பாட்டிக்கு முழுத் தொடராகச் சொல்லுங்கள். இந்நோய் குடும்ப வழியாகவும் தொடர்வது. உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் தம் கண்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.